வாங்குவோர் கேள்வி-பதில்: பெயரில்லாப் பொட்டலம்

கே: மூட்டுவலிக்கு அப்பா தெரிந்தவர் ஒருவரிடம் 'மூலிகை மாத்திரை' வாங்கினார். இரண்டே நாளில் வலி போய்விட்டது. சில மாதங்களாகச் சாப்பிடுகிறார். இப்போது முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது. உடனே நிறுத்தச் சொல்லவா? - ஊட்லண்ட்ஸ் வாசகி

ப: நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. புட்டியோடு இன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் ஸ்டீராய்டு செய்கிற வேலை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த 'மூலிகை' வலி மாத்திரைகளைப் பற்றிச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. நெடுநாள் ஸ்டீராய்டு உள்ளே போனால், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி சோம்பிவிடும். சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். மிச்சத்தை வீசிவிடாதீர்கள், ஆணையத்திடம் புகார் செய்யத் தேவைப்படும். அப்பாவைத் திட்டவும் வேண்டாம். வலியில் துடிக்கிறவர் எதையும் நம்புவார் என்பது விற்றவனுக்கு நன்றாகத் தெரியும்.

கே: '100% இயற்கை' என்று அச்சிட்டிருந்தால் பயமில்லையே?

ப: ஆளைக் கொல்லும் எட்டிக்கொட்டையும் 100% இயற்கைதான்.

கே: தேக்காவில் ஒரு கடையில் சூரணத்துக்கு 'அரசாங்க அனுமதி இருக்கு' என்கிறார்கள். நம்பலாமா?

ப: சித்த, ஆயுர்வேத மருந்துகளை இங்கே விற்க ஆணையத்தின் முன்அனுமதி தேவையில்லை. மாத்திரை, பொடியாக வரும் சீன மருந்துகளைத்தான் முன்கூட்டியே ஆணையத்தின் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆக, இல்லாத அனுமதியைக் காட்டி விற்கிறார். அதற்காக எதையும் விற்றுவிட முடியாது. பத்து லட்சத்தில் பாதரசம் 0.5 பங்கையும் ஆர்செனிக் 5 பங்கையும் தாண்டக் கூடாது, ஆங்கில மருந்து கலக்கவே கூடாது. பொறுப்பு முழுக்க விற்பவருடையது. ஆய்வகச் சான்றைக் கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கே: இணையத்தில் தள்ளுபடியில் செந்தூரம் ஆறு புட்டி வாங்கினேன். தயாரித்தவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மூன்று புட்டி தீர்ந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: மூன்று புட்டி தீரும்வரை கண் எங்கே இருந்தது? செந்தூரம் என்பது உலோகத்தையும் தாதுவையும் புடம் போட்டுச் செய்வது, பலவற்றில் பாதரசமே சரக்கு. அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. பணத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். விற்றவர் சிங்கப்பூரில் இருந்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் உதவும். இந்தியாவில் இருந்தால், கடன் அட்டை தந்த வங்கியிடம் முறையிட்டுப் பார்க்கலாம்.

கே: அதிமதுரத்தில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருக்கிறது. வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாமா?

ப: கூடாது. பூசணம் செத்தாலும் அது விட்டுப்போன நஞ்சு போகாது. சில பூசணங்கள் விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கொதிக்கும் கஷாயத்துக்கும் அசையாது. கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உங்கள் வீட்டில்தான் பிடித்தது என்றும் சொல்ல முடியாது. அறுத்த இடத்தில் சரியாகக் காயாமல் மூட்டை கட்டியிருக்கலாம், கப்பலில் வியர்த்திருக்கலாம். பிறகு நம் கடை. சாக்கு வாய் திறந்தபடி நிற்கும், பழைய சரக்கின் தலையிலேயே புதுசைக் கொட்டுவார்கள். கேட்டால் அள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, விலையை மட்டும் ஒட்டித் தருவார்கள். எந்த ஊர்ச் சரக்கு, எப்போது வந்தது, எதுவும் இருக்காது. இரண்டு வெள்ளி பிஸ்கட்டுக்குக்கூடக் காலாவதித் தேதி பார்க்கிற நாம், நோயாளிக்குக் கொடுப்பதை மட்டும் இப்படி வாங்குகிறோம். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று நான் வாங்கிய கடுக்காய்த்தூளில் வண்டும் இலவசமாக வந்தது. இந்த ஊர்க் காற்றில் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பொடிக்காத முழுச் சரக்காக வாங்குங்கள், கொஞ்சமாக வாங்குங்கள், தூள் சீக்கிரம் கெடும். இறுக மூடும் கண்ணாடிப் புட்டி, உலர்ந்த கரண்டி. அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி வேண்டாம்.

கே: குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

ப: வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் திறந்தால் உள்ளே வியர்க்கும். சில்லிப்பு போகும்வரை மூடியைத் தொடாத பொறுமை இருந்தால் வையுங்கள்.