ஜவ்வு விலகல்: உடனே ஆபரேஷனா, கொஞ்சம் பொறுக்கலாமா?

முதுகெலும்பின் அடியில், இடுப்பருகே இருக்கும் எல்5-எஸ்1 ஜவ்வு பிதுங்கி மூன்று வாரமாகக் கால் குடைச்சல், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை; அதே இடத்தில் அவதிப்பட்டவன்.

சிறுநீர் போகாமல் கட்டிக்கொண்டாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ மேற்கொண்டு படிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாதம் தூக்க வராமல் செருப்பு கழன்றாலும் தாமதிக்க வேண்டாம். என் மச்சானுக்கு அப்படித்தான் ஆனது, அவர் தயங்காமல் ஆபரேஷன் செய்துகொண்டார்.

இவை இல்லையென்றால் அவகாசம் இருக்கிறது. என்னைப் பார்த்த டாக்டர் எம்.ஆர்.ஐ. ஃபிலிமை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் குதிகாலால் நடக்கச் சொன்னார். அப்புறம் வலிக்கிற காலில் மட்டும் நின்று குதிகாலை எக்கச் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு எக்கினேன். வேர்த்துக் கொட்டியது, ஆனாலும் குதிகால் எழும்பியது. "பலம் குறையல, வலிதான். பொறுக்கலாம்" என்றார். ஸ்கேனை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், வலியே இல்லாத பலருக்கும் அதில் பிதுங்கல் தெரியும்.

2007-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று இதற்கு நன்றாக உதவும். கடுமையான கால்வலியோடு 6 முதல் 12 வாரம் தள்ளிய 283 பேரில் ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மறுபாதிக்கு மாத்திரை, பிசியோதெரபி. ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலி வேகமாக விட்டது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் சுமார் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்கு மாறினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக, எவ்வளவு நாள் வலி தாங்குவீர்கள், வேலைக்கு லீவு கிடைக்குமா என்பதுதான் உங்கள் கணக்கு. ஆபரேஷன் கால்வலிக்குக் கேட்கிற அளவுக்கு இடுப்பு வலிக்குக் கேட்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி நிரந்தரத் தீர்வு இல்லை. எனக்கு அது ராத்திரி தூங்க வழி செய்தது, தூக்கம் வந்ததும் நடக்க முடிந்தது, மெல்ல மெல்ல வலி அடங்கியது. படுத்தே கிடக்காதீர்கள். முதுகில் ஏறி மிதித்து நெட்டி எடுக்கிறேன் என்று வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

கடைசியில் ஆபரேஷன்தான் என்றால், பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்களா, முதுகெலும்புகளை இணைத்து இறுக்கும் ஸ்க்ரூவும் வைப்பார்களா என்று கேளுங்கள். முதல்முறை வரும் சாதாரணப் பிதுங்கலுக்குப் பெரும்பாலும் ஸ்க்ரூ தேவைப்படாது. வேண்டும் என்றால் ஏன் என்று விளக்கச் சொல்லி, இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.