லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லையே?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டிலேயே மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம், தேன்குழல் செய்து விற்கிறேன். போன தீபாவளிக்கு ஃபேஸ்புக்கில் பணம் கட்டி, பதிவைப் பலருக்குக் காட்டும் பூஸ்ட் 3,000 ரூபாய்க்குப் போட்டேன். லைக் குவிந்தது, ஆர்டரை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது ஒரு கம்பெனி வெப்சைட், அதைக் கூகுள் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் எஸ்இஓ எல்லாம் சேர்த்து மாதம் 12,000 கேட்கிறது. கொடுக்கலாமா? என் மாமனார் ஒரு சிறு அறக்கட்டளை மூலம் பிள்ளைகளுக்கு இலவச மாலை வகுப்பு நடத்துகிறார். அதற்கு கூகுள் இலவசமாக விளம்பரம் தருமாமே, உண்மையா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: மாதம் 12,000 இப்போது வேண்டாம். வெப்சைட் கெட்டது என்பதால் அல்ல. உங்கள் சரக்கை வாங்கக்கூடியவர் அந்த வழியாக வருகிறவர் இல்லை.

செட்டிநாட்டுப் பலகாரத்தை யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். சென்னையில் இருக்கும் மகள், மாமியார் வீட்டுச் சீருக்கு வாங்குகிறாள். சிங்கப்பூரில் இருப்பவர் ஊரில் நடக்கும் சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, சொல்லிவைக்கிறார். இவர்கள் விளம்பரம் பார்த்து மயங்குகிறவர்கள் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ஆச்சி, பலகாரம் யாரிடம் நன்றாக இருக்கும்?" என்று கேட்பார்கள். அங்கே யாராவது உங்கள் பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் சொல்கிறவர் கையில் அனுப்ப என்ன இருக்கிறது? வெறும் போன் நம்பர்தானே? உங்கள் முதல் வேலை அதைச் சரிசெய்வதுதான்.

சாதாரண வாட்ஸ்அப்பை விட்டு வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு மாறுங்கள். இலவசம், அதே நம்பரில் வைத்துக்கொள்ளலாம். அதில் கேட்டலாக் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு பலகாரத்துக்கும் படம், விலை, விவரம் போட்டுவிட்டால், அந்த லிங்க்கை யார் வேண்டுமானாலும் குழுவில் தட்டிவிடலாம். விவரம் எழுதும்போது "பாரம்பரிய சுவை, கைமணம்" என்று எழுதாதீர்கள். ஊரில் எல்லாரும் அதையேதான் எழுதுகிறார்கள். வாங்குகிறவர் மனதில் இருக்கும் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இப்படி: "மனகோலம், அரை கிலோ. கடலை எண்ணெயில் சுட்டு, வெல்லப்பாகில் உருட்டியது. இத்தனை நாள் கெடாது. சென்னைக்கு கூரியர் உண்டு, திங்கள் சொன்னால் வியாழன் அனுப்புவோம். 5 கிலோவுக்கு மேல் என்றால் பத்து நாள் முன்பே சொல்ல வேண்டும்." எண்ணெய், நாள், அனுப்பும் விவரம் இவை மூன்றும் இருந்தால், உங்களிடம் வரும் பாதிக் கேள்விகள் குறைந்துவிடும். படத்தையும் ஸ்டுடியோ வெளிச்சத்தில் எடுக்க வேண்டியதில்லை. காலை வெயில் விழும் முற்றத்தில், ஒரு பனை ஓலைக் கொட்டானில் வைத்து எடுங்கள். செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அதைவிட நல்ல பின்னணி எங்கே கிடைக்கும்?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்பினால், உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். மற்றவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்கும் தெரியாது. அதனால் பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: "இந்த நம்பரைப் பதிந்து வைத்தால் பிள்ளையார் நோன்பு, தீபாவளிப் பட்டியல் வந்து சேரும்." அப்புறம் மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அனுப்பாதீர்கள். தினமும் காலை வணக்கம் அனுப்புகிறவரை எல்லாரும் மியூட்டில் போட்டுவிடுவார்கள்.

அடுத்தது கூகுள் மேப். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க, ஆத்தங்குடி தரைக்கல் வாங்க, பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் ஊருக்குத் திரும்புமுன் பலகாரம் தேடுவது மேப்பில்தான். அங்கே பெயரைச் சேர்ப்பதும் இலவசம்தான். கடை வாசல் இல்லையென்றால், வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊர்களை மட்டும் குறிக்கலாம். காரைக்குடி, தேவகோட்டை, குன்றக்குடி என்று. ஆனால் வாடிக்கையாளரை நேரில் பார்க்கிற தொழிலாக இருக்க வேண்டும். கூரியரில் மட்டும் அனுப்புகிறவர்களுக்கு கூகுள் அனுமதி இல்லை.

சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வீதி, அடுப்படி, பொட்டலம் போடும் இடம், உங்கள் பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். பெயர் போடும் இடத்தில் "காரைக்குடி பெஸ்ட் செட்டிநாடு பலகாரம் ஸ்வீட்ஸ் ஸ்நாக்ஸ்" என்று அடுக்காதீர்கள். உண்மையான பெயர் மட்டும்தான் போட வேண்டும், மீறினால் பக்கத்தையே முடக்கிவிடலாம். ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்பதும் கூகுள் விதிக்கு விரோதம். வாய் திறந்து கேளுங்கள், போதும். நல்ல பலகாரம் சாப்பிட்டவர் எழுதுவார்.

பதிவு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவு எடுத்துவிட்டீர்களா? வீட்டில் செய்து விற்றாலும் தேவை. அந்த 14 இலக்க எண்ணை லேபிளிலும் கேட்டலாக்கிலும் போடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முகம் தெரியாதவருக்கு அதுதான் முதல் நம்பிக்கை.

சரி, அந்த 3,000 ரூபாய் எங்கே போனது? பூஸ்ட் பட்டனை அழுத்தும்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஃபேஸ்புக் கேட்கும். லைக், கமென்ட் என்று இருந்ததை அப்படியே விட்டிருப்பீர்கள். அதுவும் லைக் போடும் பழக்கம் உள்ளவர்களாகத் தேடிப்பிடித்துக் காட்டியிருக்கும். சொன்னதைச் செய்திருக்கிறது, தப்பு அதன் மீது இல்லை. அடுத்த முறை நோக்கத்தை வாட்ஸ்அப் செய்தி என்று மாற்றுங்கள், விளம்பரத்தைத் தொட்டால் நேராக உங்கள் சாட் திறக்க வேண்டும். தமிழ்நாடு முழுக்க என்று போடாமல் சென்னை, கோவை, பெங்களூரு என்று நீங்கள் கூரியர் அனுப்பும் நகரங்களை மட்டும் வையுங்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள். வருஷம் முழுக்கப் போட வேண்டாம். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, தை மற்றும் வைகாசிக் கல்யாண முகூர்த்தங்களுக்கு முன்பு, திருக்கார்த்திகை முடிந்து பிள்ளையார் நோன்பு வருவதற்குள் இருக்கும் 21 நாட்களில், இந்தச் சமயங்களில் போட்டால் போதும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை, சீர்ப் பலகாரத்துக்கு விளம்பரம் யாருக்கு? எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் பணம் அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். செட்டிநாட்டில் கணக்கு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை!

இனி மாமனார் விஷயம். கூகுள் இலவச விளம்பரம் தருவது உண்மைதான். பதிவுபெற்ற லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்பு வரை தேடல் விளம்பரம் தருகிறார்கள். கையில் பணம் வராது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளுக்கு இது கிடையாது என்பதால், உங்களுடையது பள்ளி இல்லை, அறக்கட்டளை என்பது விண்ணப்பத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். சொந்த வெப்சைட் கட்டாயம். விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் 5 சதவீதம் பேராவது அதைத் தொட வேண்டும் என்று ஒரு விதியும் இருக்கிறது, அதைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் அமைப்புக்கு இதெல்லாம் இப்போதைக்குத் தேவைக்கு அதிகம். அவருக்கு நன்கொடை தரக்கூடியவர்கள் அவரை ஏற்கெனவே அறிந்தவர்கள். மாதம் ஒரு முறை, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், என்ன வாங்கினோம், எவ்வளவு செலவு என்று பத்து வரி வாட்ஸ்அப்பில் போகட்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போட வேண்டாம்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. உங்கள் உறவினர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பும் க்யூஆர் படத்தை யாராவது அந்தக் குழுக்களில் போட்டிருந்தால் ஜாக்கிரதை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், நம் ஊர்க்காரராக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் 100 ரூபாய்கூட வாங்கக் கூடாது. சித்தப்பா மகன் பாசத்தில் அனுப்பினாலும் அப்படித்தான். அந்தப் படத்தை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். இதுவரை வந்ததில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஆடிட்டரை ஒரு முறை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.