பின்கட்டு வரை வைஃபை வர எக்ஸ்டெண்டர் வாங்கலாமா?

வாங்காதீர்கள். ரூட்டரின் அலையைப் பிடித்து மறுபடி பரப்பும் அந்தச் சின்னப் பெட்டி இந்த மாதிரி வீட்டுக்கு உதவாது. ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ரிட்டர்ன் தேதி தாண்டுவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

"காரைக்குடிப் பக்கம் பழைய வீடு, முகப்பில் ரூட்டர், பின்கட்டில் அம்மா அப்பாவுக்கு வீடியோ கால் விட்டு விட்டு வருகிறது" என்று மட்டும்தான் கேள்வியில் போட்டிருக்கிறீர்கள். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். நீங்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறீர்கள். வீடு முன் தெருவில் ஆரம்பித்துப் பின் தெருவில் முடியும். அம்மா அப்பா இருவரும் அடுப்படியை ஒட்டிய ஒரே அறையில்தான் முக்கால்வாசி நேரமும் இருப்பார்கள். முகப்புக்குப் பெரியவர் பேப்பர் படிக்க மட்டும் வருவார். இணைப்பு கொடுக்க வந்த பையன் தெருப் பக்கம் எங்கே பிளக் கிடைத்ததோ அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பான். சரியா?

இதே கேள்விக்கு வந்திருக்கும் இன்னொரு பதிலில் ஒருவர், "இந்த மாதிரி வீடெல்லாம் இந்தக் காலத்துக்கு ஒத்துவராது, இடித்துவிட்டு அளவாகக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துதான் நான் எழுத உட்கார்ந்தேன். வைஃபைக்காகத் தேக்குத் தூணை இடிக்கச் சொல்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, பி.காம். வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது இணையம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று இந்த வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். எனவே இன்ஜினியர்கள் யாரும் "இது முறைப்படி இப்படி இல்லையே" என்று வரவேண்டாம். முறைப்படி இல்லாமல் இருக்கலாம், ஆனால் எங்கள் வீட்டில் வேலை செய்கிறது.

எங்கள் வீடு முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு, அதற்குப் பிறகு அடுப்படி என்று போகும். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்குக் குறையாது. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "வீட்ல சார் இல்லையா மேடம்?" என்றான். "சார் மாடியில தூங்குறாரு தம்பி, என்ன வேணும்னு எங்கிட்ட சொல்லுங்க" என்றேன். அவனுக்கு நிலையில் ஒரு துளை போடவேண்டுமாம். பர்மாத் தேக்கு நிலை, கஜலட்சுமி செதுக்கியது. அதில் டிரில்லிங் மெஷினை வைக்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்கிறான். முடியாது என்றதும் முகம் சுண்டிப்போய், முகப்பில் பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிளக்கில் பெட்டியை மாட்டிவிட்டு, "இந்த வீட்டுக்கு இவ்ளோதான் மேடம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கண்ணாடியின் பின்பக்கம் பூசியிருப்பது உலோகம். ரூட்டரின் அலை அதில் பட்டுத் திரும்பும். இதைவிட மோசமான இடம் பீரோவுக்குள் மட்டும்தான். ஆகவே காசு செலவழிக்கும் முன் உங்கள் அம்மாவிடம் போனை எடுத்துக்கொண்டு போய் ரூட்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி, இரும்பு பீரோ, எவர்சில்வர் பாத்திரம் அடுக்கிய அலமாரி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஆள் உயரத்துக்கு மேல், வளவைப் பார்த்த மாதிரி இருக்கவேண்டும். ஃபைபர் வயர் மெல்லியதுதான், கேட்டால் வளவு வரைக்கும் இழுத்துக் கொடுப்பார்கள். கேட்கத்தான் வேண்டும். இது மட்டுமே பாதி வீட்டுக்குப் போதும்.

இப்போது எக்ஸ்டெண்டர் கதை. பங்காளி முறையில் எனக்குக் கொழுந்தனார் ஒருவர், சென்னையில் இருக்கிறார், படைப்புக்கு (பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையல் போடும் நாள்) வந்தபோது கையோடு ஒன்று வாங்கிவந்தார். இரண்டாங்கட்டில் பிளக்கில் செருகியதும் போனில் கோடு முழுசாக நின்றது. அவருக்கு ஒரே பெருமை. ஆனால் படம் ஓடவில்லை, கால் போகவில்லை, என்னுடைய ஜிஎஸ்டி ரிட்டர்ன் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. "கோடு ஃபுல்லா இருக்கே அண்ணி, உங்க லேப்டாப் பழசு" என்றார்.

போனில் தெரியும் கோடு, போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவில் உள்ள உறவைத்தான் காட்டும். எக்ஸ்டெண்டருக்கும் ரூட்டருக்கும் நடுவே அதே ஒன்றரை அடிச் சுவர் அப்படியேதான் நிற்கிறது. காது மந்தமான ஒருவர் பக்கத்து அறையில் பேசுவதைக் கேட்டு நமக்குச் சத்தமாகத் திருப்பிச் சொல்வது போல. சத்தம் நன்றாக இருக்கும், விஷயம் பாதிதான் வரும். அதிலும் மலிவான எக்ஸ்டெண்டர்கள் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே ரேடியோவையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால், வந்த வேகமும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மெஷ் (வீட்டில் அங்கங்கே வைத்தால் ஒரே வைஃபையாக இயங்கும் பல பெட்டிகள்) வாங்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அட்டைப்பெட்டியில் இத்தனை சதுர அடி என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவருக்குப் போட்டதில்லை. மெஷ் பெட்டிகளும் தங்களுக்குள் காற்றில்தான் பேசிக்கொள்கின்றன, நடுவில் சுவர் இருந்தால் அதே பாடுதான். மெஷ் பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால் பிரமாதமாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கேபிள் இழுப்பது என்று ஆகிவிட்டால் மெஷ்ஷுக்கு எதற்கு அவ்வளவு பணம்?

கேபிள் இழுக்க எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆச்சி, கல்யாணத்துக்குப் பந்தல் கட்டுற கொக்கியெல்லாம் வளவைச் சுத்தி இருக்குல்ல?" என்றார். இருக்கிறது. முகப்பிலிருந்து வளவுக்கு மேலே காற்றுப்போக்கிக் கண் வழியாகக் கேபிளை நுழைத்து, தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டிக் கொக்கிக்குக் கொக்கி டேக் போட்டுக் கட்டி, இரண்டாங்கட்டுக்குள் இன்னொரு காற்றுப்போக்கி வழியாக இறக்கினார். கீழே நின்று பார்த்தால் தெரியாது. எல்லாம் சேர்த்து அறுபது மீட்டருக்கு உள்ளே. இந்தக் கேபிளுக்கு 100 மீட்டர் வரை பிரச்சினை இல்லை. பழைய மின்சார வயர் போகிற மரப்பட்டையை ஒட்டி மட்டும் இழுக்க வேண்டாம், ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கேபிளில் ஏமாறாதீர்கள். கேட்-6 (Cat6) நெட்வொர்க் கேபிள், வெயில் தாங்கும் கறுப்பு உறை, சுத்தச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் செம்பு என்றுதான் சொல்வார். ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்பு பூசியது. வேண்டாம்.

முனையில் பிளக் அடிக்கும்போது அண்ணன் நான்கு கம்பியை மட்டும் கோத்தார். "சிசிடிவிக்கெல்லாம் நாலுதான் ஆச்சி போடுறோம், போதும்." போட்டுப் பார்த்தால் 200 எம்பி பிளானில் 94 வருகிறது, அதற்கு மேல் அசையவில்லை. நான்கு கம்பிக்கு அதுதான் எல்லை. 100 எம்பி என்று பேர், கைக்கு வருவது 94, 95. அதற்கு மேல் வேண்டுமென்றால் எட்டும் கோக்கவேண்டும். வளவில் உட்கார்ந்து நானே வெட்டிக் கோத்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீலம் வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடி நடுவில் பிரிந்து நீலத்துக்கு இடம் விடும், அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். இரண்டு முனையிலும் ஒரே வரிசை. கோலம் போடத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தை இல்லை. "ஏன்த்தா, உனக்கு இந்த வேலையெல்லாம் எதுக்கு?" என்று என் மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், ஆனால் வெற்றிலைச் செல்லத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார்கள்.

கேபிளின் அந்த முனையில் பழைய ரூட்டரையே மாட்டலாம். எல்லார் வீட்டிலும் முந்தைய இணைப்பின் ரூட்டர் ஒன்று பரணில் கிடக்கும். அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய் டிஹெச்சிபியை (DHCP, போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை, அதைப் புதிய ரூட்டரே பார்த்துக்கொள்ளும்) நிறுத்துங்கள். பழைய ரூட்டரின் சொந்த முகவரியை மாற்றுங்கள், புதியது 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.1.2. கேபிளை WAN என்று எழுதிய துளையில் செருகாமல் LAN துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முகப்பில் இருப்பதேதான், அப்போதுதான் போன் தானாக மாறிக்கொள்ளும். சேனல் (அலைவரிசை எண்) மட்டும் வேறு வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11. முகப்புக்கு ஒன்று, இரண்டாங்கட்டுக்கு ஆறு, அடுப்படிக்கு இன்னொரு ரூட்டர் வைத்தால் அதற்குப் பதினொன்று. பழைய ரூட்டரின் போர்ட்டே 100 எம்பி என்றால் எட்டுக் கம்பி போட்டும் 94தான் வரும். வீடியோ காலுக்கு அது தாராளம்.

சரியாக வந்திருக்கிறதா என்று கோட்டை எண்ணிப் பார்க்காதீர்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் இலவசமாகவே கிடைக்கும், ஐபோனில் ஏர்போர்ட் யூட்டிலிட்டி போட்டு செட்டிங்ஸில் அதன் ஸ்கேனரை ஆன் செய்யவேண்டும். அதில் காட்டும் சிக்னல் அளவு மைனஸ் 67 அல்லது அதைவிட சைபருக்குப் பக்கமாக இருந்தால் படம் தடையில்லாமல் வரும். மைனஸ் 80 என்றால் பெயருக்குத்தான் இருக்கிறது. மேல்மாடியில் எங்களுக்கு மைனஸ் 80தான் காட்டியது, காரணம் முற்றத்துக்கு மேல் குரங்குக்குப் பயந்து போட்ட இரும்பு வலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், எங்கள் வலையின் கண் ஓர் அங்குலம்தான். குரங்கும் வராது, வைஃபையும் போகாது. மாடிக்குத் தனிக் கேபிள் போனது.

"இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு புலம்பல் வேறு" என்று ஒருவர் கமெண்ட் போடத்தான் போகிறார். வீடுதான் பெரிது ஐயா. எங்களுக்கு அதில் ஆறில் ஒரு பங்கு. கேபிள் செலவைப் புள்ளிக்கு (ஒரு குடும்பத்துக்கு) இவ்வளவு என்று பிரித்து பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கட்டை விரல் படம் வந்தது, பணம் வரவில்லை. ஆனால் படைப்பு அன்றைக்கு முகப்பில் செருப்பைக் கழற்றும்போதே "பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டது அவர்கள் பிள்ளைகள்தான். அதற்காகவே ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கிறது, அதை மட்டும் கொடுங்கள். கணக்கு வழக்கு இருக்கும் லேப்டாப் ஒரே நெட்வொர்க்கில் ஊரார் போனோடு கிடக்க வேண்டாம்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதே குரூப்பில்தான், மழைக்கு ஓடு மாற்றவேண்டும் என்றபோது, "மரத்துக்கே நல்ல விலை வருதாம், கொடுத்துடலாமே" என்று ஒருவர் எழுதினார். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டைப் பிரித்துவிட்டார்கள். கதவு, தூண், பீங்கான் சாடி, எனாமல் அடுக்கு எல்லாம் லாரியில் போனது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்க்கும்போது, இதில் எது நம் ஊர்க் கதவு என்றுதான் எனக்குக் கண் போகிறது. 2014இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறிவிட்டன. ஊர் பேர் பட்டியலில் இருக்கிறது, நிலைக்கதவு லாரியில் போகிறது. யாரிடம் போய்ச் சொல்ல? வைஃபை வரவில்லை என்பதும் விற்பதற்கு ஒரு காரணமாகிவிடக்கூடாது என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், மன்னியுங்கள்.

உங்கள் அம்மா அப்பாவுக்கு இன்னொன்று. இந்தச் சுவர்களுக்குள் செல்போன் சிக்னலும் நொண்டும். என் மாமியார் மகளோடு பேச முற்றத்துக்கு வந்து வெயிலில் நிற்பார்கள். அடுப்படி அறையில் வைஃபை வந்தபிறகு போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை (சாதாரண அழைப்பே வைஃபை வழியாகப் போகும் வசதி) ஆன் செய்தேன். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் கொண்டுவந்துவிட்டன, தனிக் கட்டணம் இல்லை, எந்த ஆப்பும் வேண்டாம், சாதாரண எண்ணிலேயே பேசலாம். இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டே பேசுகிறார்கள். பேச்சு நீண்டுவிட்டது என்பது என் நாத்தனாரின் குறை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். 12 வோல்ட் மினி யூபிஎஸ் என்று ரூட்டருக்கென்றே விற்கிறார்கள். ஃபைபர் பெட்டிக்கு ஒன்று, ஒவ்வொரு ரூட்டருக்கும் ஒன்று. உங்கள் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டு வாங்குங்கள், சில பெட்டிகள் 9 வோல்ட். ஐப்பசி இடி மழையில் எங்கள் வீட்டில் கேபிளையும் பிளக்கையும் கழற்றிவிடுவோம், செம்புக் கம்பி நீளமாக ஓடினால் பக்கத்தில் விழும் இடிக்கே போர்ட் கருகும். தோட்டத்தில் தனிக் கட்டடம் இருந்து அங்கேயும் வேண்டுமென்றால் செம்பு இழுக்காதீர்கள், ஃபைபரும் இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) போடுங்கள்.

கேபிளை வீட்டின் நீளத்துக்கு அளந்து வாங்காமல் ஏறி இறங்கும் உயரத்தையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். எங்கள் சுவர் உயரத்துக்கு அதுவே கணிசமாகச் சாப்பிட்டது.