அம்பாசடரையும் மின்சாரக் காரையும் எந்த அடிப்படையில் ஒப்பிடுவது?

வேகத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அம்பாசடருக்கு நியாயம் கிடைக்காது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அந்தக் காரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் சுமார் 50 குதிரைத்திறனே தந்தது. 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரோ ஏறக்குறைய 127 தருகிறது. ஆயினும் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, கிடைக்கும் விதமே முக்கிய வேறுபாடு என்பேன். பெட்ரோல் எஞ்சின் ஓரளவு சுழன்ற பிறகே முழு விசையைத் தருவதால் அதற்குக் கிளட்சும் கியர்களும் தேவை. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே தந்துவிடும்.

பழுது பார்ப்பதில் அம்பாசடரே எளியது. பானெட்டைத் திறந்தால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் கைக்கெட்டும்; டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரி படிந்த பாயின்ட்டை (மின்தொடர்பு முனையை) உப்புத்தாளால் தேய்த்தே பலர் வண்டியைக் கிளப்பியிருக்கிறார்கள். மின்சாரக் காரின் உயர் மின்னழுத்த பேட்டரியில் அப்படிக் கை வைப்பது உயிருக்கே ஆபத்து.

நெரிசலான நகரச் சாலைக்கு நான் மின்சாரக் காரையே பரிந்துரைப்பேன். அம்பாசடரில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. மின்சாரக் காரில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது.