திட்டு வாங்கத் தெரிந்த ஆட்டக்காரர்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் நீங்கள் பேசிய கூட்டத்துக்கு என் மகளையும் அழைத்து வந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், நல்ல உயரம், பள்ளியின் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். அன்று நீங்கள் டிம் டங்கன் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரரைப் பற்றிச் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்ததும் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இவர்கிட்ட என்னம்மா இருக்கு? சும்மா போர்டுல அடிச்சுப் போடுறாரு" என்றாள். அது போகட்டும். அவளுடைய பி.டி. சார் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டுகிறாராம். நன்றாக ஆடுகிற பிள்ளையை ஏன் திட்ட வேண்டும் என்று அவள் அப்பாவுக்குக் கோபம். வேறு பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு தாய், தேவகோட்டை

அன்புள்ள அம்மா,

மகள் சொன்னதையும் நீங்கள் கேட்டதையும் நான் தனித்தனியாகப் பார்க்கவில்லை. அதனால் டங்கனிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மகளின் வயதில்தான் அவர் கூடைப்பந்துக்கே வந்தார். கரீபியன் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவில் 1976இல் பிறந்தவர். நீச்சல் வீரர். அவருடைய அக்காள் ஒருவர் 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். தம்பிக்கும் 400 மீட்டரில் அதே கனவு இருந்தது. 1989 செப்டம்பரில் வந்த ஹியூகோ புயல் தீவின் பெரிய நீச்சல் குளத்தை நாசமாக்கிவிட்டது. கடலில் நீந்தலாமே என்றால் சுறா பயம். அடுத்த ஏப்ரலில், அவருடைய பதினான்காவது பிறந்த நாளுக்கு முதல் நாள், மார்பகப் புற்றுநோயில் அம்மா இறந்தார். நீச்சல் அத்தோடு நின்றது. அதன் பிறகுதான் கூடைப்பந்து.

பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடிந்ததுமே கோடிக்கணக்கில் கொடுத்து எடுத்துக்கொள்ள என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை லீகின் அணிகள் தயாராக இருந்தன. அவர் நான்கு ஆண்டும் இருந்து உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். 1997இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி, அந்த ஆண்டின் புது ஆட்டக்காரர்களில் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 19 பருவங்கள், ஒரே அணி, ஐந்து கோப்பைகள்.

இனி அந்தப் போர்டு ஷாட், அதாவது கூடைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் பந்தைப் பட வைத்துப் போடுவது. உங்கள் மகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கூடைக்கு இடது பக்கம் பந்தை வாங்குவார். திரும்பி எதிராளியை நேருக்கு நேர் பார்ப்பார். ஒரு காலை முன்னே வைத்து உள்ளே ஓடப்போகிற மாதிரிக் காட்டுவார். எதிராளி அரை அடி பின்னே போனால் போதும், பந்து கையை விட்டுப் போய்விடும். ஏறக்குறைய 45 டிகிரி கோணத்திலிருந்து போகும் அந்தப் பந்து, போர்டில் வரைந்திருக்கும் சின்னக் கட்டத்தின் மேல் மூலைப் பக்கம் பட்டு, வேகம் தணிந்து வலைக்குள் இறங்கும். எல்லாருக்கும் தெரிந்த ஷாட்தான். ஆனால் கோணம் கொஞ்சம் பிசகினால் பந்து ரிங்கில் மோதி வெளியே வரும். ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், மூச்சு வாங்கும்போது, கைக்கு அந்தக் கோணம் தெரிந்திருக்க வேண்டும். ரீல்ஸில் பத்து விநாடி பார்த்தால் இது சும்மா என்றுதான் தோன்றும். 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். 21 புள்ளிகள், 20 ரீபவுண்டுகள் (குறி தவறிய பந்தைப் பிடித்தது), 10 அசிஸ்டுகள் (கூட்டாளி கூடை போடக் கொடுத்த பந்து), 8 பிளாக்குகள் (எதிராளி போட்ட பந்தைத் தடுத்தது). ஒரே ஆள், ஒரே இரவு. கத்துவதும் நெஞ்சைத் தட்டிக்கொள்வதும் அவருடைய வழக்கமல்ல.

நான் அவரை உயர்வாகச் சொல்வதற்குக் காரணம் இந்த எண்கள் அல்ல. அவருடைய பயிற்சியாளராக இருந்த கிரெக் பாப்போவிச் வாயைத் திறந்தால் அரங்கமே அதிரும். 2002, 2003 இரண்டு ஆண்டுகளும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய டங்கனையும் அவர் விட்டுவைக்கவில்லை. டங்கன் கேட்டுக்கொண்டார். அப்படி அவர் இடம் கொடுத்ததால்தான் மற்றவர்களையும் கண்டித்து ஆட வைக்க முடிந்தது என்று பாப்போவிச் பல தடவை சொல்லியிருக்கிறார். அணியின் முதல் ஆட்டக்காரரே பேசாமல் கேட்டுக்கொள்ளும்போது பன்னிரண்டாவது ஆள் எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்?

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில் வசதியான வீட்டுப் பையனும் இன்னொருவர் கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலை பார்க்கும் பையனாக இருந்துதான் கணக்குப் படித்தான். பேரேட்டில் தப்பு விட்டால் மேலாள் சத்தம் போடுவார். இன்னார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் அங்கே செல்லாது.

அதற்காக எல்லாத் திட்டும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பெண் பிள்ளைகளின் உடம்பைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் மைதானத்தில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பயிற்சி அல்ல, அசிங்கம். உங்கள் பி.டி. சார் அந்த மாதிரி ஆள் என்றால் பள்ளி மாற்றுவதற்கு முன்னால் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் மகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சார் திட்டி முடித்தபோது எதைத் திருத்த வேண்டும் என்று உனக்குத் தெரிந்ததா? "கையை இறக்காதே, பந்து மேலே போனதும் உன் ஆளை மறிச்சு நில்லு" என்று சொல்லியிருந்தால், குரல் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்த மனிதர் அவளை நம்பித்தான் கத்துகிறார். சரிப்படாது என்று முடிவு கட்டிய பிள்ளைக்காக யாரும் தொண்டையை வறள விடுவதில்லை.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிய வேண்டும். 2013 இறுதித் தொடர், மயாமி அணிக்கு எதிரான ஏழாவது ஆட்டம். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, இரண்டு புள்ளி பின்னடைவு. வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய தூரத்தில் டங்கன் தவறவிட்டார். திரும்பி வந்த பந்தைத் தட்டினார், அதுவும் விழவில்லை. ஓடி வந்து இரண்டு கையாலும் தரையில் ஓங்கி அறைந்தார். கோப்பை போனது. அப்போது அவருக்கு வயது 37. அடுத்த ஆண்டு அதே மயாமியை 4-1 என்று வென்றார்கள். ஐந்து கோப்பைகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

2016 ஜூலையில் ஓய்வு. விழா இல்லை, பத்திரிகையாளர் சந்திப்புகூட இல்லை. அணி ஓர் அறிக்கை விட்டது, அவ்வளவுதான். மறுநாள் டங்கனின் முகம் போட்ட சட்டையோடு பாப்போவிச்தான் வந்து பேசினார். 2019இல் அதே பாப்போவிச்சிடம் ஒரு பருவம் உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தார் டங்கன். அத்தனை வருடம் திட்டு வாங்கிய இடத்துக்கே திரும்பிப் போயிருக்கிறார். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று மகள் கேட்டால் சென்னை அனிதா பால்துரையைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்தவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

பள்ளி மாற்றும் பேச்சை ஆண்டுத் தேர்வு வரை தள்ளிப்போடுங்கள். அதற்குள் நீங்கள் இருவரும் சாயந்தரம் மைதானத்துக்குப் போய், சார் என்ன சொல்கிறார் என்று உங்கள் காதாலேயே கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.