தாந்தேயும் தோமா அக்குவினாவும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ காவியம் இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினாவின் இறையியலைச் செய்யுளாக்கியது மட்டும்தான் என்கிறார்களே?

பதில்: அது தாந்தேக்குச் செய்யும் அநியாயம். அக்குவினா 1274-இல் இறந்தபோது தாந்தே சிறுவன். பின்னாளில் ஆழ்ந்து படித்தார், மதித்தார். ஆனால் கைகட்டி நிற்கவில்லை. அந்தக் காவியத்தின் சொர்க்கப் பகுதியில், 10-ஆம் காண்டத்தில் பன்னிரண்டு ஞானிகள் ஒளிவட்டமாய்ச் சுழல்கிறார்கள். அவர்களை அறிமுகப்படுத்துபவர் அக்குவினா. கடைசியாக அவர் புகழ்வது யாரை? பிரபாந்து நாட்டுச் சீஜரை! பாரிஸில் அக்குவினா எதிர்த்து நூலே எழுதிய ஆசிரியர். 1277-இல் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைத் தடைசெய்தபோது சீஜரின் போதனையும் அடிபட்டது. அவரைத்தான் தாந்தே சொர்க்கத்தில் அமர்த்துகிறார், அதுவும் எதிராளியின் வாயாலேயே புகழ்ந்து. எந்த வகுப்பறையிலும் நடக்காத சமரசம் இது. எனக்கு அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழும்.

கேள்வி: அக்குவினாவே கவிதையைக் கடைநிலைக் கல்வி என்றாராமே?

பதில்: அந்த வாசகம் அவருடைய ‘இறையியல் தொகுப்பு’ நூலின் முதல் வினாவிலேயே வருகிறது, ஆனால் அவர் மறுப்பதற்காக முன்வைக்கும் எதிர்வாதமாக. மறைநூல் உவமைகளால் பேசலாமா என்பதே அங்கு விவாதம். பேசலாம், மனிதன் புலன்வழியாகத்தானே அறிவை எட்டுகிறான் என்கிறார் அவர். அவர் இயற்றியதாகக் கொள்ளப்படும் நற்கருணைப் பாடலின் கடைசி இரு பத்திகள்தாம் நம் கோவில்களில் நற்கருணை ஆசீரின்போது பாடும் ‘மாண்புயர்’. புலனுக்கு எட்டாத குறையை விசுவாசம் நிரப்பட்டும் என்கிற வேண்டுதலில் அவருடைய இறையியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கேள்வி: தாந்தே இறையியலாளர்களை மீறிய இடம் உண்டா?

பதில்: உண்டு. நரகத்தின் விளிம்பில் உள்ளதாகக் கருதப்பட்ட லிம்போவில் இறையியலாளர்கள் வைத்தது பழைய ஏற்பாட்டு முதுவர்களையும் திருமுழுக்குப் பெறாத குழந்தைகளையும். தாந்தே ஹோமர், அரிஸ்டாட்டில், வெர்ஜில் ஆகியோரையும் சேர்த்தார்.

கேள்வி: வினா, எதிர்வாதம், விடை என்று வாதிக்கும் இடைக்காலப் பல்கலைக்கழகங்களின் ஸ்கொலாஸ்திக் முறை தாந்தேயின் கவிதையில் கண்ணுக்குத் தெரிகிற இடம் ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: சொர்க்கப் பகுதியின் 24-ஆம் காண்டம். ஆசிரியர் வினாவை முன்வைக்கும்வரை வாய்திறக்காமல் வாதங்களை மனத்துக்குள் திரட்டும் மாணவனைப்போல் தாந்தே நிற்கிறார். விசுவாசம் என்றால் என்ன என்று பேதுரு கேட்க, எபிரேயர் திருமுகத்தின் இலக்கணத்தைச் சொல்கிறார். அதுவரை பல்கலைக்கழகத் தேர்வேதான். பிறகு பேதுரு விசுவாசத்தையே நாணயமாக உருவகித்துக் கேட்கிறார்: இந்த நாணயத்தின் கலப்பையும் எடையையும் நன்றாகச் சோதித்துவிட்டாய்; அது உன் பையில் இருக்கிறதா? இருக்கிறது, முத்திரையில் ஐயமே எழாதபடி பளபளவென்று, வட்டமாக, என்கிறார் தாந்தே.