ஈ.சி.ஜி. நார்மல், ஆனா ராத்திரி படபடப்பு

ஈ.சி.ஜி. நார்மல்னு வந்ததால ஒண்ணுமில்லைன்னு விட்டுடாதீங்க. அது பதியறது சுமார் 10 விநாடிதான். உங்களுக்குப் படபடப்பு வர்றதோ ராத்திரி படுத்த பிறகு. உடம்புல மாட்டிக்கிட்டு 24 மணி நேரமும் இதயத்துடிப்பைப் பதியற ஹோல்டர் மெஷின் தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. தனியார்ல செலவு கட்டுப்படியாகலைன்னா சென்னை சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில இதயப் பிரிவு இருக்கு, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுடுங்க.

மெஷின் மாட்டியிருக்கும்போது குளிக்கக் கூடாது (மெட்ராஸ் வெயில்ல கொடுமைதான்). படபடப்பு வந்த நேரத்தைக் குறிச்சு வைங்க. அது இல்லாம ரிப்போர்ட் பாதிதான் பேசும்.

தைராய்டு, ரத்தசோகை ரெண்டும் பார்த்தாச்சா? இப்படிப் படபடக்க வைக்கிறதுல அதுங்களுக்கும் பங்கு உண்டு.

அடுத்த தடவை படபடப்பு வரும்போது மணிக்கட்டுல 30 விநாடி நாடியை எண்ணி ரெண்டால பெருக்குங்க. சீரா ஓடுதா, தாறுமாறா துடிக்குதான்னும் பாருங்க.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தா எண்ணிக்கிட்டு உக்காராதீங்க, உடனே 108.